சாக்கடையோரம் உட்கார்ந்திருந்தவர்

மாலை ஏழரை மணி. ஜனவரி மாதம். கார்டன் ரீச்சில் கப்பல் பட்டறையின் பின்மதிலை ஒட்டிப் போகிற சாலை. ஒரு பக்கம் மதில். மறுபக்கம் திறந்த சாக்கடை, அதற்கப்பால் புல் மண்டிய தண்டவாளம். பனி அப்படி இறங்கியிருந்தது... தெருவிளக்கு எரிவது தெரியும், வெளிச்சம் தரைக்கு வராது.

இது நம் ஸ்நேகாவின் சித்தப்பா சிவராஜுக்கு நடந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்கிற கதை இல்லை.

சிவராஜ் பட்டறையில் இன்ஜினியர். பேய், பிசாசு என்றால் சிரிப்பார். மனைவி கவிதா வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினால், "இதுக்குக் கொசு கூடப் பயப்படாது" என்று அறுத்துப் போடுவார். அன்று மதியம் கேன்டீனில், கூட வேலை பார்க்கிற வங்காளி பிமல்-தா நிஷியைப் பற்றிச் சொன்னபோதும் அப்படித்தான் சிரித்தார். நிஷி என்பது இந்த ஊர்ப் பிசாசு. இருட்டில், நமக்குத் தெரிந்தவர் குரலில், பேர் சொல்லிக் கூப்பிடும். திரும்பிப் பார்த்தால் போச்சு, அதன் பின்னாலேயே நடக்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு தடவைக்கு மேல் அதனால் கூப்பிட முடியாதாம். மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது மனிதன். தைரியமாகத் திரும்பலாம்.

பனியில் ஆட்டோ ஓடவில்லை. தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். ஆற்றுச் சேற்றின் வாடை, டீசல் வாடை. எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. அப்போது...

"சிவராஜ்..."

பின்னாலிருந்து. ராஜாராமன் குரல். ஒரே செக்‌ஷன், குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக், குடும்பத்தைத் திருச்சியில் விட்டுவிட்டுத் தனியாக இருப்பவர். ஆனால் ராஜாராமன் அன்று காய்ச்சல் என்று லீவு. இந்தச் சாலையில் அவருக்கு என்ன வேலை?

"சிவராஜ்... கொஞ்சம் நில்லுங்க..."

குரல் தரையிலிருந்து வருவது போல இருந்தது. சிவராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. நடை வேகமானது. ஓட்டமானது.

"சிவராஜ்... நான்தான்..."

மூன்றாவது தடவை. அவர் காதில் தெளிவாக விழுந்தது. மனிதன்தான் என்று அந்தக் கணமே தெரிந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டார், படுத்தார். போனில் ராஜாராமன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அவர் எடுத்தால் என்ன சொல்வது... எடுக்காவிட்டால்?

விடியும் முன்பே எழுந்து அந்த இடத்துக்குப் போனார். மீன் கூடைக்காரர்கள் நாலு பேர் சாக்கடையிலிருந்து ராஜாராமனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து வாங்கப் போனவர், பனியில் கால் தவறி விழுந்திருக்கிறார். கால் முறிந்து, போன் தண்ணீரில் போய், ராத்திரி முழுக்க அங்கேயே. உதடு நீலமாக இருந்தது. சிவராஜைப் பார்த்ததும் சிரித்தார்.

"வந்துட்டீங்களா சார்..."

ஆஸ்பத்திரியில், பார்க்க வந்த எல்லோரிடமும் ராஜாராமன் ஒன்றையே சொன்னார். "ராத்திரி பூரா இவர்தான் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். ஆள் கூட்டிட்டு வரேன்னார், போகாதீங்கன்னு நான்தான் கெஞ்சினேன். கையை விடவே இல்ல. கண்ணு சொருகினா தட்டித் தட்டி எழுப்புவார்."

அந்தக் குளிரில் தூங்கியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

சிவராஜ் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அடக்கம் என்று நினைத்து எல்லோரும் தோளைத் தட்டினார்கள்.

ஒரு வாரத்தில் பொங்கல். குவார்ட்டர்ஸ் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஹாலில் சிவராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலை குனிந்து வாங்கிக்கொண்டார். கைதட்டல். முன்வரிசையில் கவிதா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அன்று ராத்திரி அவர் எங்கே படுத்திருந்தார் என்று அந்தக் கூட்டத்தில் அவளுக்குத்தான் தெரியும். பொன்னாடையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக ராஜாராமன் வீட்டுக்குப் போனார். கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் இருந்தார் மனிதர்.

"அது நான் இல்ல சார். நீங்க கூப்பிட்டது கேட்டுது. ஓடிட்டேன்."

ராஜாராமன் அந்தச் சால்வையைப் பார்த்தார்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"உங்க நடை சத்தத்தை வெச்சுத்தானே கூப்பிட்டேன், ஓடினதும் தெரிஞ்சுது. உங்க ஷூ சத்தம் தேயுற வரைக்கும் கேட்டுட்டே இருந்துது. அது அடங்கறதுக்குள்ள... பக்கத்துல உங்க குரல். 'நான் இருக்கேன், பயப்படாதீங்க'ன்னு."

"வலியில அப்படித் தோணியிருக்கும்."

"இருக்கலாம்." தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். "ஆனா கை ஜில்லுன்னு ஈரமா இருந்துது சார்."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் நான்னு சொன்னீங்க?"

"வேற யாருன்னு சொல்றது?" என்றார் ராஜாராமன். "விடியறப்ப எழுந்தார். எங்கே போறீங்கன்னு கேட்டேன். வீட்டுக்குன்னார்."

சிவராஜ் வீடு வந்தார். கவிதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கூப்பிட்டது, மூன்றாவது தடவையும் கேட்டது, ஓடியது, போன் பண்ணாமல் படுத்தது. விடிந்ததும் போய், மத்தியானம் வரை ஆஸ்பத்திரியிலேயே இருந்தது.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மத்தியானம் வரைக்குமா?"

"ஆமா. நான் வந்தப்ப நீ ஆபீஸ் போயிட்டே."

"இல்லையே..." கவிதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போன கொஞ்ச நேரத்துலயே திரும்பி வந்தீங்களே. தொப்பலா நனைஞ்சு, சாக்கடை நாத்தத்தோட. நான்தானே கம்பளியைப் போர்த்திவிட்டேன். நான் கிளம்பற வரைக்கும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதுட்டே இருந்தீங்க."

"நான்... ஏதாவது சொன்னேனா?"

"என்னாச்சுன்னு கேட்டேன்," என்றாள் கவிதா. "'வெக்கமா இருக்கு கவிதா'ன்னீங்க."