கர்நாடிக் கம்பெனியின் செக்கு

உங்கள் ஸ்டேஷனில் நல்ல காற்று வருகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. என் பெயர் மைக்கேல்சாமி. ஆவூர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பழைய ரயில் கம்பெனிகள் எழுதிக் கொடுத்த பாங்குச் செக்குகளைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. சிலர் சீட்டாடுகிறார்கள், அதற்கு இது தேவலை.

கர்நாடிக் ரயில்வே என்று ஒரு கம்பெனி இருந்தது. அந்தப் பெயரில் சில வருஷம்தான். பிறகு கிரேட் சதர்ன் கம்பெனியோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆகிவிட்டது. அதனால் அதன் செக்கு லேசில் அகப்படாது. குளத்தூர் கண்ணுசாமி அண்ணனிடம் ஒன்று இருந்தது. பார்சல் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர்.

எப்போது கேட்டாலும் சிரிப்பார்.

"நான் செத்தா ஒங்களுக்குத்தான் வாத்தியாரே. அதுவரைக்கும் பொறுங்க."

பொறுத்தேன். போன மழைக்காலத்தில் அவருக்கு நிமோனியா வந்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பிழைத்துக்கொண்டார். கெட்டியான உடம்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறிப் போனேன். பையை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனால், கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு கண்ணாடிச் சட்டம், கையில் கத்தரிக்கோல், பக்கத்தில் செக்கு.

"சட்டம் சின்னதாப் போச்சு. ஓரத்த நறுக்கிட்டு மாட்டப் போறேன்."

"ஓரத்துலதாண்ணே கம்பெனி பேரு இருக்கு."

"பேரு கெடக்கு. ரயிலு படம் இருக்குல்ல, அது போதும்."

நான் கோபப்படவில்லை. ஒரு கையால் செக்கை எடுத்துக்கொண்டேன். மற்றக் கையால் அவரைத் தள்ளினேன். சுவர் தாழ்வானது.

உள்ளே ஏதோ வேரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். "வாத்தியாரே, கயித்தப் போடுங்க. கை வழுக்குது."

கயிறு என் காலடியில்தான் கிடந்தது. ஈரக் கயிறு. அதைத் தொட்ட கையோடு செக்கைத் தொட்டால் மை கலங்கிவிடும். ஆகவே முதலில் வீட்டுக்குள் போய், பையிலிருந்த அட்டைகளுக்கு நடுவே அதைப் பத்திரப்படுத்தினேன்.

அவர் மனைவி உண்ணாமலை மோர் கொண்டுவந்தார்.

"அவுக எங்கங்க?"

"கெணத்துலதான் இருக்காரு."

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கொடுத்த மோரை மறுப்பதும் மரியாதையில்லை. நிதானமாகக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன். தண்ணீர் அசையாமல் இருந்தது.

கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கோர்ட்டுக் காகிதக் கட்டோடு சேர்க்கும்போது அந்தச் செக்கில் மட்டும் ஊசி குத்திவிடாதீர்கள். அண்ணன் இருந்திருந்தால் அவருக்கும் மனசு தாங்காது.