பன்னிரண்டு என்று எழுதிய போத்தல்

எட்டுச் செலவு அன்று எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். என் தம்பியின் மனைவி சிவனேஸ்வரி. அவர்களுடைய ஒரே மகள் மேனுஷா. தம்பியோடு பஸ் டிப்போவில் இருபது வருடம் வேலை செய்த கொட்வின். மேனுஷாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை வருணின் தாயார் நிர்மலா. பிறகு நான், குலசேகரம், வயது எழுபத்தைந்து, இந்தக் குடும்பத்தில் மூத்தவன். என் தம்பி கோபாலகிருஷ்ணன் சுவரில், மாலை போட்ட படத்துக்குள் இருந்தான். வெளியே மழை பெய்தது. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அது எழுதி வைக்க வேண்டிய விடயமல்ல.

எட்டாம் நாள், இறந்தவருக்கு விருப்பமானதைச் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். சிவனேஸ்வரி கணவாய்க் கறியும் புட்டும் வைத்தாள். கொட்வின் கிறிஸ்தவன் என்றாலும் கால் போத்தல் விஸ்கி கொண்டுவந்திருந்தான். மேனுஷா தகப்பனுடைய வேப்பைக் கொண்டுவந்து இலையின் ஓரத்தில் வைத்தாள். சிகரெட்டுக்குப் பதிலாக வாயில் வைத்து இழுக்கிற, விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மின்குழாய்.

"அதை எடு பிள்ளை" என்றேன்.

"அப்பாக்கு விருப்பம், பெரியப்பா."

"இலையில வைக்கிற சாமானில்லை அது."

எடுத்துவிட்டாள். "சரிதான். நான் வாங்கிக் குடுத்த இதுதானே அவரைக் கொண்டுபோனது" என்றாள். நிர்மலா நிலத்தைப் பார்த்தார். சம்பந்திகள் எங்கே பார்க்கிறார்கள் என்பதை நான் எப்போதும் கவனிப்பவன்.

சாப்பாடு முடிந்ததும் கொட்வின் ஒரு தாளை எடுத்து நீட்டினான். ஆம்புலன்ஸ் அரை மணித்தியாலம் பிந்தி வந்ததால்தான் தம்பி இறந்தான் என்று ஒரு முறைப்பாடு. எம்.பி.க்கும் அனுப்பப் போகிறார்களாம். கோயிலில் ஏற்கெனவே அறுபது பேர் கையெழுத்து வைக்கத் தயார் என்றான்.

"முதல் கையெழுத்து உங்கட, அண்ணை. அதுக்குத்தான் மேல இடம் விட்டிருக்கிறன்."

வாசித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். இரண்டு நாளாக என் மேசையில் கிடக்கிறது. நான் ஊரில் தபாலதிபராக இருந்தவன். உண்மையில்லாத தாளில் ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை. அதனால்தான் இந்த வேறு தாளை எழுதுகிறேன். எழுதத் தொடங்கியதிலிருந்து ஐந்து தரம் எழும்பி ஜன்னலடிக்குப் போய் வந்துவிட்டேன். இரண்டு தரம் தேநீர் போட்டேன், இரண்டும் ஆறிவிட்டன. வயது காரணமாக இருக்கலாம்.

தம்பிக்கு இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை கோயிலில், எரிகிற கற்பூரத்தின் மேல் கையைப் பிடித்து, இனிச் சிகரெட் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். பக்கத்தில் நின்றவன் நான். பதினான்கு மாதம் காப்பாற்றினான். பிறகு கொட்வின் ஓய்வுபெற்ற நாளில் டிப்போ வாசலில் ஒன்று பிடித்தான். மறுநாள் இரண்டு. அந்தக் கிழமை முடியுமுன் ஒரு பெட்டி.

அவன் அதை என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் சொன்னான். அவள் அவனைப் புகைத்தலை நிறுத்த உதவுகிற ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த தாதி, வழுக்கி விழுவது எல்லாருக்கும் நடக்கும், எழும்பித் திரும்ப நடந்தால் சரி என்று சொன்னாராம். சிகரெட்டுக்குப் பதிலாக வேப்பைப் பாவிக்கலாம், பன்னிரண்டில் தொடங்கி ஆறு, மூன்று என்று குறைத்து ஒரு வருடத்தில் பூச்சியத்துக்கு வரலாம் என்றாராம். போத்தலில் எழுதியிருக்கும் அந்த இலக்கம் நிக்கொட்டினின் அளவு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து ஐந்து மாதம் தம்பி ஒரு சிகரெட்டும் தொடவில்லை. நன்றாகச் சாப்பிட்டான். மாடிப்படி ஏற மூச்சு வாங்கவில்லை. வேப்பைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான். கொட்வின் வந்தால், "என்ன கோபு, சூப்பியைக் கழுத்தில கட்டிவிட்டிட்டினமோ?" என்பான். "பல்லு முளைக்குமட்டும் கிடக்கட்டும் மச்சான்" என்று தம்பி இழுத்து விடுவான். மாம்பழ வாசம் வீடு முழுக்க நிற்கும். "இஞ்சாருங்கோ, ரயிலை வெளியில கொண்டுபோய் ஓட்டுங்கோ" என்று சிவனேஸ்வரி குசினிக்குள்ளிருந்து சத்தம் போடுவாள். எல்லாருக்கும் அது ஒரு விளையாட்டு.

எனக்கு அப்படி இல்லை. கற்பூரத்தின் மேல் சொன்னவன் வாயிலிருந்து புகை வருகிறது. அது புகையல்ல, ஆவி என்று மேனுஷா விளக்கினாள். பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதோடு, வருணின் தகப்பன் சம்பந்தம் பேச வந்தபோது என்னிடம்தான் கேட்டார், வீட்டில் புகைக்கிற பழக்கம் உண்டோ என்று. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை என்று நான் சொன்னேன். என் சொல்லில் சம்பந்தம் முடிவானது.

நிச்சயதார்த்தத்தன்று தம்பி பின்வளவில் நின்று இழுத்தான். திறந்திருந்த ஜன்னலால் அந்த வாசம் உள்ளே வந்தது. நிர்மலா மூக்கை உறிஞ்சி, "ஆர் சாம்பிராணி போடுகினம்?" என்று கேட்டார். அறை முழுவதும் சிரித்தது. தம்பிதான் எல்லாரிலும் கூடச் சிரித்தான். நான் எழும்பி ஜன்னலைச் சாத்தினேன்.

லண்டனுக்கு வந்தபின் பதினேழு வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் காசாளராக நின்றவன் நான். முதுகுக்குப் பின்னால் சிகரெட்டும், கடைசி வருடங்களில் வேப்பும் அடுக்கி வைத்து விற்றேன். எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது அதே கொம்பனியின் அதே மாம்பழ வாசத்தில், பூச்சியம் என்று எழுதிய போத்தல்கள் நான்கு வாங்கினேன். தம்பி வேலைக்குப் போன பிறகு கத்தி நுனியால் மூடியின் முனையைக் கிளப்பி, அவனுடைய பன்னிரண்டில் இருந்ததை ஊற்றியெடுத்துவிட்டுப் பூச்சியத்தை விட்டேன். ஒரு துளியும் மேசையில் சிந்தவில்லை. எடுத்ததை எறியவில்லை, காலியான போத்தல்களில் நிரப்பினேன். பத்திரிகைத் தாளில் சுற்றி என் அலுமாரியில், திருநீற்றுப் பேணிக்குப் பின்னால் வைத்தேன்.

தாதி ஒரு வருடத்தில் செய்யச் சொன்னதை நான் ஒரு காலையில் செய்தேன். நோக்கம் ஒன்றுதான். இழுத்து ஒன்றும் ஏறாவிட்டால் அலுத்துப்போய் விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் விடவில்லை. மூன்றாம் நாளே ஓரிடத்தில் இருக்க மாட்டாமல் போனான். சாப்பாட்டில் பாதியில் எழும்புவான். டிவி ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவான். விடிய ஐந்து மணிக்கு மாடிப்படியில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்கும்.

"அண்ணை, இந்தப் போத்தில் பழுதோ தெரியேல்லை. இழுக்கிறன் இழுக்கிறன், ஒண்டும் ஏறுதில்லை."

"எல்லாம் மனம்தான்."

"மனம் எண்டா அது எங்கயாவது ஓரிடத்தில இருக்கோணுமே. இது நிண்டு பிடிக்குதில்லை."

அவன் சொன்னதைக் கேட்டு மேனுஷா வேறு கடையில் புதிதாக வாங்கி வந்தாள். அவற்றையும் மறுநாள் மாற்றினேன்.

இரண்டாம் கிழமை முடிய, வேலையால் வந்தவனின் ஜக்கெட்டில் சிகரெட் மணம் இருந்தது. பதினேழு வருடம் அந்தப் பெட்டிகளோடு நின்ற மூக்கு தவறாது. அவன் புதினா மென்றுகொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று அலுமாரியைத் திறந்து பத்திரிகைச் சுற்றைக் கையில் எடுத்தேன். அதைத் திருப்பிக் கொடுத்தால் அவன் சிகரெட்டை விட்டுவிடுவான் என்பது எனக்குத் தெரியும். ஐந்து மாதம் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கொடுத்தால் ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டிவரும். தம்பிக்கு முன்னால் தமையன் அப்படி நிற்க முடியாது. அதோடு, வேப்பை அவன் எல்லாருக்கும் முன்னால் ஊதினான். சிகரெட்டை ஒளித்துப் பிடித்தான். ஒளிக்கத் தெரிந்தவனுக்கு வெட்கம் மிச்சம் இருக்கிறது. அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. சுற்றைத் திரும்ப வைத்துவிட்டேன்.

கலியாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலையில், பலகாரச் சூடு வைத்தோம். சுமங்கலிப் பெண்கள் கூடி முதல் பலகாரத்தை எண்ணெயில் போடுகிற நாள். குசினிக்குள் பத்துப் பெண்கள் நின்றார்கள். புகைக்கு அலாரம் அடிக்கும் என்று மேனுஷா ஏணியில் ஏறி அதற்குக் குளிக்கிற தொப்பியைப் போட்டுக் கட்டினாள். பயற்றம் பணியாரம் வேகிற மணம் தெருமுனை வரை போனது. பத்து இருபதுக்குத் தம்பி பின்கதவால் இறங்கிப் பின்வளவில் சாமான் போட்டு வைக்கிற கொட்டிலுக்குப் போனதை நிர்மலாவும் கண்டார், நானும் கண்டேன். பத்து முப்பதுக்கு நான் போனேன்.

பெயின்ட் வாளிகளுக்கும் புல்லு வெட்டுகிற மெஷினுக்கும் நடுவில் தரையில் சாய்ந்திருந்தான். முகம் சாம்பல் நிறம். வலது கை நெஞ்சில். இடது கை விரலிடுக்கில் சிகரெட் எரிந்துகொண்டிருந்தது. அறிவு இருந்தது. என்னைக் கண்டதும் வெட்கப்பட்டான், அதை நன்றாகக் கண்டேன்.

"அண்ணை... ஆம்புலன்சைக் கூப்பிடுங்கோ."

"பொறு" என்றேன்.

முதலில் சிகரெட்டை எடுத்து அணைத்தேன். தரையில் கிடந்த கட்டைகளைப் பொறுக்கினேன். ஒன்பது இருந்தன. பெயின்ட் வாளிக்குப் பின்னால் இரண்டு, குனிய நேரம் பிடித்தது. அவனுடைய சட்டைப் பையில் சிகரெட் பெட்டியும், நெஞ்சுவலி வந்தால் நாக்கின் கீழ் அடிக்கிற ஸ்பிரேயும் இருந்தன. இரண்டையும் சேர்த்து எடுத்து என் பையில் போட்டேன். கவனிக்காமல் என்று எழுதப் பார்த்தேன். கையெழுத்து வைக்கப்போகிற தாளில் அப்படி எழுத முடியாது. பெட்டி வெளியே தெரியாமல் என் பையிலிருந்து ஸ்பிரேயை மட்டும் திரும்ப எடுக்க அவகாசம் இருக்கவில்லை, ஏனென்றால் அந்த நேரம் குசினிக் கதவு திறந்தது.

"சம்பந்தி இன்னும் வரேல்லையோ? முதல் பணியாரம் அவருக்குத்தான்" என்று நிர்மலா கூப்பிட்டார்.

நான் கொட்டில் வாசலை மறைத்து நின்று, "உடுப்பு மாத்துறார், இப்ப வருவார்" என்றேன்.

அது பொய்யல்ல. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து, சாம்பல் விழுந்த சட்டையைக் கழற்றி, அதைப் போட்டுவிட்டேன். கை தூக்கி உதவ அவனால் முடியவில்லை. வாய் மணத்துக்கு என் பையில் இருந்த ஏலக்காய் ஒன்றை நாக்கின் கீழ் வைத்தேன். திருநீறு பூசினேன். கொட்டிலின் இரண்டு ஜன்னலையும் திறந்து, காற்றுப் போகும்வரை நின்றேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஏலக்காய் தடுத்தது. பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து நாற்பத்தைந்து. அப்போதுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் அவனைக் கொண்டுபோனபோது பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். நெற்றியில் திருநீறும் வெள்ளைச் சட்டையுமாகப் போனான். "பூசை அறையில இருந்து எழும்பி வந்த மாதிரி" என்று நிர்மலா இன்றும் சொல்லி அழுகிறார். கலியாணம் தள்ளிப் போயிருக்கிறது, குழம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு குறை சொல்லவில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் காப்பாற்றியது அதுதான்.

மேனுஷா சாப்பிடுகிறாளில்லை என்று சிவனேஸ்வரி சொல்கிறாள். பிள்ளைக்கு ஆறுதலாக ஒன்று எழுதுகிறேன். நீ வாங்கிக் கொடுத்தது உன் அப்பாவைக் கொல்லவில்லை. கடைசி ஐந்து கிழமையும் அதற்குள் மாம்பழ வாசத்தைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. நீ வாங்கிய பன்னிரண்டு என் அலுமாரியில் இருக்கிறது. ஒரு துளியும் வீண்போகவில்லை.

கொட்வினின் தாளை, கையெழுத்து வைக்காமல், இதோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். ஆம்புலன்ஸ் அரை மணித்தியாலம் பிந்தி வந்தது என்று கோயிலிலும் கடைகளிலும் கதைக்கிறார்கள். அது தவறு. நான் கூப்பிட்டு ஏழாவது நிமிடம் வாசலில் நின்றது.