எதிர் ஸ்டூல்

— அக்கா, அக்கா, அதைத் தூக்காதீங்க! பதினெட்டு கிலோ. கால்ல போட்டுக்கிட்டீங்கன்னா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

— தூக்கலப்பா, தொட்டுத்தான் பார்த்தேன். பெரிசா இருக்கே, நல்லாப் பிடிக்குமேன்னு.

— சொல்றேன் கேளுங்க. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற இந்த வைஸ், பெரிசு சின்னதுன்னு பார்த்து வாங்குற சாமான் இல்ல. அதோட வாய்க்குள்ள என்னத்தை வைக்கப் போறோம்னு பார்த்து வாங்கணும். வீட்டுல என்ன வேலைக்கு?

— பூட்டு வேலை. என் வீட்டுக்காரரு பூட்டு ரிப்பேர் பார்ப்பாரு, அரத்தால சாவி ராவிக் கொடுப்பாரு. கடை கிடையெல்லாம் இல்ல. வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம்பு, அதுலதான்.

— சாவிக்கா இந்த யானை? இதுல தண்டவாளத்தையே மாட்டி ராவலாம்க்கா! சாவிக்கு நாலு அங்குல வாயே தாராளம். இந்தாங்க, இதைப் பாருங்க.

— இது என்னப்பா பொம்மை மாதிரி இருக்கு. அந்தச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சதாவது பளபளன்னு இருக்கு.

— பளபளப்பை வச்சுக்கிட்டு என்ன பண்றது, மூஞ்சியா பார்க்கப் போறாரு? சொல்றேன் கேளுங்க. இதோட வாயை முழுசாத் திறந்துட்டேன். பிடிச்சு ஆட்டுங்க. ஆடுதா?

— ஆடல.

— உங்க சிவப்பை ஆட்டுங்க.

— அய்யய்யோ, லொடலொடன்னுது.

— பார்த்தீங்களா? இப்ப இதை மூடுறேன். வெளிச்சத்துக்கு நேராக் குனிஞ்சு பாருங்க. ரெண்டு உதட்டுக்கும் நடுவுல எங்கயாவது கீத்து தெரியுதா?

— தெரியல. ஒட்டிக்கிட்டு இருக்கு.

— அவ்வளவுதான்க்கா பரீட்சை. சாவியில தடம் விழாம இருக்க ரெண்டு பித்தளைத் தகடு மடிச்சுத் தரேன், உதட்டு மேல மாட்டிக்கலாம். மேசையில எந்த உயரத்துல பூட்டுறதுன்னுதான் பார்க்கணும். வைஸோட தலை, நிக்கிற ஆளு முழங்கை உயரத்துக்கு வரணும்.

— தெரியும். இந்தா, கயிறு. தரையிலேர்ந்து அவரு முழங்கை வரைக்கும் அளந்து முடிச்சு போட்டிருக்கேன். காலையில பல்லு விளக்கும்போது பின்னால நின்னு அளந்தேன். என்னடி பண்றேன்னாரு. ஒட்டடைன்னேன்.

— நல்ல ஆளுக்கா நீங்க! ஆமா, இத்தனை நாளா வைஸ் இல்லாமயா சாவி ராவினாரு?

— நான்தான் வைஸ்.

— என்னது?

— அட, ஆமாப்பா. எதிர்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, குறட்டால சாவியைப் பிடிச்சுப்பேன். அவரு ராவுவாரு. பதினோரு வருஷமா. இந்த விரலைப் பாரு, அரம் வழுக்கி வழுக்கி எத்தனை கோடு. கைரேகை பார்க்கிறவன் எவனாவது பார்த்தா எந்திரிச்சு ஓடிடுவான்.

— ஏன், அவரே ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால...

— இருக்கிறதே ஒரு கைதான்ப்பா. இன்னொண்ணு கம்பெனி மிஷின்ல போயிடுச்சு. முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இல்ல.

— அடடா. மன்னிச்சுக்கங்கக்கா, தெரியாமக் கேட்டுட்டேன்.

— நீ என்ன பண்ணுவ, நீயா மிஷினைப் போட்டுவிட்ட? மேல சொல்லு.

— மேல சொல்றதுன்னா... இது வேற மாதிரி ஆகுதே. சாவியை வாயில வச்சுப் பிடிக்கணும், அதே நேரத்துல கைப்பிடியையும் திருகணும். ரெண்டு வேலை, ஒத்தைக் கை. பக்கத்துல யாராவது நின்னு சாவியை வச்சுக் கொடுத்தா சுலபம். அதான் நீங்க இருக்கீங்களே.

— யாரும் வச்சுக் கொடுக்காம. அவரு தன்னந்தனியாப் பண்ணணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

— எந்தக் கை போச்சு?

— இந்தக் கை.

— வலது கையா? போச்சு போங்க. இடதுன்னா ஒரு வழி இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இடது கை இல்ல. அவரு என்ன பண்ணுவாருன்னா, அடியில இருக்கிற இந்தத் தட்டைச் சுத்தி, கைப்பிடி இடது பக்கம் பார்க்கிற மாதிரி வச்சுக்குவாரு. நல்ல கையால சாவியைப் பிடிச்சுக்கிட்டு, மொட்டைக் கையால கைப்பிடி நுனியைக் கீழ ஒரு அமுக்கு அமுக்குவாரு. இறுகிடும். வலது பக்கம் திருப்பினா அதே நுனியை மேல தூக்கினாத்தான் இறுகும். மரை ஓடுறது அப்படி. மொட்டைக் கையால அமுக்கலாம், தூக்க முடியாதுக்கா.

— முடியவே முடியாதா? பழகினா?

— அஞ்சாறு மாசம் பழகினா வரலாம். தோள்பட்டை விட்டுப்போகும்.

— அவ்வளவு நாள் கிடையாது. ஒரு மாசத்துல வராதா?

— பதினோரு வருஷம் பொறுத்துட்டு இப்ப என்னக்கா அவசரம்?

— இருப்பா, போன். அவருதான்... ஹலோ. ஆமா, தையல்காரி வீட்டுலதான் இருக்கேன்... கண்ணாடியா? நெத்தியைத் தடவிப் பாருங்க. இருக்குல்ல? ...அந்த அலமாரிச் சாவியா, அதை அப்படியே வையுங்க. நான் வந்து பிடிக்கிறேன். அதுக்குள்ள என்ன ஆகிடப் போகுது... சரி, சரி. வைக்கிறேன்.

— தையல்காரியா நானு?

— கோவிச்சுக்காத. தெரிஞ்ச கடையில வாங்கினா அவரு காதுக்குப் போயிடும்னுதான் ரெண்டு பஸ் மாறி இங்க வந்தேன்.

— வைஸ் வாங்குறதுல என்னக்கா ஒளிவு மறைவு?

— திடீர்னு எதுக்குடி இதுன்னு கேட்பாரு. என்னன்னு சொல்றது? வயித்துல கட்டிப்பா எனக்கு. பரவிடுச்சாம். நாலு மாசம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அவருக்கு இன்னும் தெரியாது.

— அக்கா... இந்த நாற்காலியில உக்காருங்க. தண்ணி தரட்டுமா?

— தண்ணி வேணாம், வழி சொல்லு. சாகப் பயமில்லன்னு சொன்னா பொய், பயமாத்தான் இருக்கு. ஆனா அந்த ரூம்புல அவரு ஒத்தையா உக்காந்து, சாவியைக் கையில வச்சுக்கிட்டு, பிடிக்க ஆளில்லாம முழிக்கப் போறாரேன்னு நினைச்சாத்தான் எனக்குத் தாங்கல. எல்லாம் நான் பண்ணின தப்பு.

— நீங்க என்ன தப்பு பண்ணீங்க?

— ரொம்ப வருஷம் முன்னாடி அவரோட வேலை பார்த்த ஒருத்தரு பழைய வைஸ் ஒண்ணைத் தோள்ல சுமந்துக்கிட்டு வந்தாரு, சும்மாவே கொடுக்க. வாசலோட திருப்பி அனுப்பிட்டேன். வீட்டுல இடமில்லன்னு சொன்னேன்.

— இடமில்லையா?

— இடமெல்லாம் இருந்துச்சு. கை போனப்புறம் ஒரு வருஷம் அந்த மனுஷன் வாயையே திறக்கலப்பா. சாப்பாடு வேணும் வேணாம்னு தலையை ஆட்டுறதோட சரி. நான் எதிர்ல உக்காந்து சாவி பிடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் பேச்சு வந்துச்சு. அரம் பாட்டுக்கு கர்ரு கர்ருன்னு ஓடும், நாங்க ஊர்வம்பு பூரா பேசுவோம். என் மூஞ்சியை நேராப் பார்த்துப் பேசினதே அப்பத்தான். அங்க இந்த இரும்பு வந்து உக்காந்துட்டா நான் எங்க போறது? சுயநலம். அன்னிக்கே வாங்கிப் போட்டிருந்தா இன்னிக்கு அவரு பழகியிருப்பாரு.

— அது சுயநலம் இல்லக்கா.

— அட போப்பா, சமாதானம் சொல்லாத. வழி சொல்லுன்னேன்.

— சரி... வலது கை இல்லன்னா அரத்தை இடது கையாலதானே ஓட்டணும். அவருக்கு முன்னாடியே இடது கைப் பழக்கமா?

— அதெல்லாம் இல்ல. இதோ பாரு, நான் குறட்டை இப்படிப் பிடிச்சிருப்பேன். அவரு அரம் இந்தப் பக்கத்துலேர்ந்து வரும். மொட்டைக் கை இந்தப் பக்கம், சும்மா மேசை மேல சாஞ்சிருக்கும்.

— இருங்க, இருங்க. எதிர்ல உக்காந்துக்கிட்டுச் சொல்றீங்க.

— எதிர்லதானே உக்காருவேன்? அவரு மடியிலயா உக்காருவேன்?

— அப்ப உங்களுக்கு வலது பக்கம்னா, அவருக்கு?

— அவருக்கு... அட கடவுளே. இடது. இடது கைப்பா! சாப்பிடுறது, கையெழுத்துப் போடுறது எல்லாம் வலது கையாச்சே! பாரேன் கூத்தை. எதிர்லயே உக்காந்து உக்காந்து, அவரு பக்கத்துலேர்ந்து ஒரு நாள்கூட நான் பார்த்ததில்ல.

— கல்லாவுக்கு இந்தப் பக்கம் வாங்க. இந்த மேசையில ஒண்ணு பூட்டி வச்சிருக்கேன். அவரு நிக்கிற மாதிரி நில்லுங்க. இடது கையை மடக்கிக்கங்க. சாவியை வலது கையால வாயில வையுங்க. ஆங். இப்ப முழங்கையால அந்த நுனியை ஒரு அமுக்கு. சாவியெல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமன், கால் திருகு போதும்.

— ம்ம்... பிடிச்சுக்கிச்சு! தம்பி, பிடிச்சுக்கிச்சுப்பா! இழுத்தாலும் வரல!

— வராது.

— இதை ஒரு வாரத்துல பழகிடுவாரே! அப்பாடி. இதையே கொடு, தகடும் மடிச்சுக் கொடு. மரைக்கு எண்ணெய் விடணுமா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை? ஒரு தாள்ல பெரிசா எழுதிக் கொடு, அவருக்கு மறந்துபோயிடும். அப்புறம் நீயே வந்து பூட்டிக் கொடுத்துடு. ஜன்னல் பக்கமாப் பூட்டு. இங்க நின்னு பார்த்தாத்தான் தெரியுது, எதிர்ல ஒண்ணுமே இல்ல, வெறும் சுவரு. தலை நிமிர்ந்தா தெருவாவது தெரியட்டும் அவருக்கு.

— சரிக்கா, ஜன்னல் பக்கமே பூட்டிடுறேன்.

— அந்த இன்னொரு கை இல்லாதவரு யாரோ, மவராசன், நல்லா இருக்கணும். என்னப்பா, அப்படிப் பார்க்கிற?

— அக்கா. உங்க வீட்டுக்காரரு சட்டைக் கையை மடிச்சு ஊக்கு குத்தியிருப்பாரா?

— நான்தான் குத்திவிடுவேன். ஏன்?

— குழந்தைங்களுக்குக் குத்துற ஊக்கு? தலையில மஞ்சளா ஒரு வாத்து?

— பேத்திக்கு வாங்கினது. அதுதான் கழண்டுக்காதுன்னு... உனக்கு எப்படித் தெரியும்?

— வியாழக்கிழமை ஆனா எங்க போறேன்னு சொல்லிட்டுப் போவாரு?

— பழைய கம்பெனி ஆளுங்களைப் பார்க்க.

— இங்கதான்க்கா வருவாரு. அவரும் ரெண்டு பஸ் மாறித்தான். நீங்க நிக்கிற அதே இடத்துல நின்னு, கடைக்கு வர்றவங்களுக்குச் சாவி ராவிக் கொடுப்பாரு. மத்தியானத்துக்குள்ள இருபது, இருபத்தஞ்சு. நான் கிட்ட வந்தாக்கூட, தள்ளி நில்லுடாம்பாரு. எட்டு வருஷமா. நீங்க வலதுன்னு சொன்னதால எனக்கு உறைக்கவே இல்ல. இந்த அமுக்குற வித்தையே அவரு கண்டுபிடிச்சதுதான்.

— ஒத்தை ஆளாவா? எட்டு வருஷமாவா? அப்ப நான் எதுக்குப்பா விரலை அறுத்துக்கிட்டு... இப்பக்கூட அலமாரிச் சாவிக்கு என்னை வான்னாரே... வீட்டுக்கு ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே! நீ கேட்கலையா?

— கேட்டேன். எடுத்துட்டுப் போங்க, சும்மாவே தரேன்னேன்.

— என்ன சொன்னாரு?

— “வேணாம்ப்பா. இது வீட்டுக்கு வந்துட்டா, அவ அந்த ஸ்டூலை விட்டு எந்திரிச்சுப் போயிடுவா”ன்னாரு.