இரண்டு முறை அழித்த கட்டம்

அக்கா,

அப்பாவிடமும் அம்மாவிடமும் சாவைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஏற்ற நேரம். சாப்பிட்ட அசதியில் இருப்பார்கள். எழுந்து போக மாட்டார்கள்.

போனில் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். நீ எடுத்துப்போன அப்பாவின் விருப்பப் படிவத்தில், இரண்டாம் பக்கத்தில், ஒரு கட்டத்தில் மட்டும் தாள் ஏன் மெலிந்திருக்கிறது என்று. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறதாமே. யார் கண்ணிலும் படாதது உன் கண்ணில் பட்டிருக்கிறது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

அந்தப் படிவத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கி வந்தது நான்தான். என் மனைவி பத்தொன்பது நாள் மூச்சு மிஷினில் கிடந்து போனாள். முப்பத்தோரு வயது. உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் யாரும் முன்கூட்டியே கேட்டு வைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். நம் வீட்டில் இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது என்றும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

படிவத்தைப் பார்த்ததும் அம்மா, "நல்ல நாளும் அதுவுமா என்னடா இது" என்றாள்.

"இன்னைக்கு என்ன நல்ல நாள்?" என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை. கேக்கட்டும் விடு. பரீட்சை எழுதி ரொம்ப நாளாச்சு."

முதலில் வீடு. உனக்குப் பாதி, எனக்குப் பாதி. "நடுவுல சுவர் வெச்சா சமையலறை ஒருத்தருக்கு, கக்கூஸ் ஒருத்தருக்கு வரும். அளந்து பாத்துட்டேன்" என்றார் அப்பா. முப்பத்தெட்டு வருடம் நிலம் அளந்த மனிதர், சொந்த வீட்டை அளக்காமல் இருப்பாரா. விற்றுப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். தனித் தாளில் அப்படியே எழுதினேன். அதில் ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை. சொத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

பிறகு படிவத்தின் இரண்டாம் பக்கம் வந்தது. இரண்டு கட்டம். மேல் கட்டத்தில் குறி போட்டால் உயிரைக் காக்க எல்லாச் சிகிச்சையும் செய்வார்கள். கீழ் கட்டத்தில் போட்டால் மூச்சு மிஷின் வைக்க மாட்டார்கள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அம்மா யோசிக்கவே இல்லை. "எனக்குக் கீழதுல போடு. தொண்டையில குழாயை விட்டுக்கிட்டு நான் யார்கூடப் பேசப்போறேன்."

"நீ பேசாம இருப்பேன்னா குழாய்க்கு நானே பணம் கட்டறேன்" என்றார் அப்பா.

"உங்களுக்கு?" என்றேன்.

அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கும் அதேதான்."

"இவரா?" என்று அம்மா சிரித்தாள். "ஊசி போட வந்த நர்ஸை, நாளைக்கு வாம்மான்னு திருப்பி அனுப்பின ஆளு."

இரண்டு தாளிலும் கீழ் கட்டத்தில் பென்சிலால் குறி போட்டேன். பென்சில் அப்பாவின் வழக்கம். களத்தில் விவரமெல்லாம் பென்சிலில். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து அதன் மேல் மை. கையெழுத்து மட்டும் அளந்த இடத்திலேயே, மையில். நேரில் வந்தேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்பார். அந்த வழக்கம் இந்தப் படிவத்துக்குப் பொருந்தாது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றவில்லை.

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனாள். அவள் படியேறும் சத்தம் ஓயும் வரை அப்பா காத்திருந்தார்.

"என்னோடதை அழி. மேல போடு."

ரப்பரைத் தேடி எடுத்தேன்.

"அவ முன்னாடி சொல்ல வாய் வரல. எனக்குப் பயமா இருக்குடா. எவ்வளவு முடியுமோ அவ்வளவும் பாருங்க. என்னைச் சும்மா விட்டுடாதீங்க." மாடிப்படியைப் பார்த்துவிட்டு, "அவகிட்டச் சொல்லாத. வருஷக்கணக்கா ஓட்டுவா" என்றார்.

அழித்தேன். மேலே போட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, மையில் கையெழுத்துப் போட்டார். கீழ்வீட்டுத் தையல்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தார். எந்தப் பக்கத்தையும் படிக்கவில்லை. "இவருக்குச் சட்டை அளவெடுத்திருக்கேன். இதுக்கெல்லாம் நான் அளவெடுக்க முடியுமா" என்றார். அப்பா நன்றாகச் சிரித்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

மறுநாள் அலுவலகத்தில், சாப்பாட்டு இடைவேளையில், மை போட உட்கார்ந்தேன். அம்மாவுடையதில் கீழ் கட்டம். அப்பாவுடையதை எடுத்தேன். மேல் கட்டத்துக் குறியை அழித்தேன். ஏற்கனவே அழித்திருந்த கீழ் கட்டத்தை இன்னும் ஒரு முறை சுத்தமாகத் தேய்த்தேன். அதில் மையால் குறி போட்டேன். தாள் மெலிந்தது அதனால்தான். நீ கேட்ட கேள்விக்கு இதோடு பதில் முடிந்தது. ஆனால் நீ அடுத்துக் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும்.

பயத்தில் சொன்னது விருப்பமாகாது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பா முதலில் சொன்ன பதில் கீழ் கட்டம். நான் அதைத் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

எட்டு மாதம் கழித்து நுரையீரலில் சளி கட்டி அவரைச் சேர்த்தோம். டாக்டர் சின்னப் பெண். "மூச்சுக்கு மிஷின் வெச்சா ஒரு வாரத்துல எடுத்துடலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு" என்றாள். நான் படிவத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா?"

"மயக்கமா இருக்கார். எங்ககிட்ட எல்லாம் தெளிவாப் பேசிட்டுத்தான் எழுதினார்" என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா, "ஆமாம்மா, என் முன்னாடிதான் சொன்னார்" என்றாள். அம்மா பொய் சொல்லவில்லை.

அப்பா மயக்கமாக இல்லை. நான் உள்ளே போனபோது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிஷின் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"இப்ப வந்துடும்பா" என்றேன்.

நாலைந்து முறை கேட்டார். நாலைந்து முறையும் அதையே சொன்னேன். மருந்தில் கண் சொருகும் வரை வாசலைத்தான் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் எல்லாம் முடிந்தது. நீ அதற்குள் வந்து சேர முடியவில்லை. கடைசி வரை கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது உண்மை.

என் மனைவியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளிடம் யாரும் கேட்கவில்லை என்றேன். கேட்கவில்லைதான். ஆறாம் நாள் அவளாகவே எழுதிக் காட்டினாள். நர்ஸ் கொடுத்த அட்டையில், கோணல் மாணலாக, "போதும், எடுக்கச் சொல்லுங்க" என்று. எழுத்துப் புரியாமல், என்ன எழுதியிருக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். தண்ணீர் கேட்கிறாள் என்றேன். துணியை நனைத்து அவள் உதட்டைத் துடைத்தார்கள். அவள் என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு பதின்மூன்று நாள். அவள் இல்லாத வீட்டுக்குப் போகும் துணிச்சல் எனக்கு இல்லை. நடந்தது அவ்வளவுதான். அவளுக்குக் கொடுக்காததை அப்பாவுக்காவது கொடுத்தேன்.

போன வாரம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவைப் பயந்தாங்கொள்ளின்னு காலம் பூராவும் சொல்லிட்டேன். எவ்வளவு தைரியமா எழுதி வெச்சிருக்கார் பாரு" என்றாள். பிறகு, "ஆனா அவர் மூச்சுக்குத் தவிச்சதைப் பாத்துட்டேன்டா. எனக்கு அந்தத் தைரியம் இல்ல. என் தாளை மாத்திடு. என்னென்ன உண்டோ எல்லாத்தையும் செய்யச் சொல்லு."

"சரிம்மா" என்றேன்.

"மறந்துடாதடா."

மறக்கவில்லை. நேற்றும் கேட்டாள், மாற்றிவிட்டாயா என்று. மாற்றிவிட்டேன் என்றேன். அவள் பயந்து போயிருக்கிறாள் அக்கா, வேறொன்றும் இல்லை. நீ அங்கிருந்து கவலைப்படாதே. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.