மைத்துனனின் காது

மெதுவாகப் பேசும் வீடுகள் எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. புகாரில் எழுதியிருப்பதைப் படித்தால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. யாரிடமும் குரலை உயர்த்தியதுகூட இல்லை.

நான் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேசைபோலக் கால் போட்டு நிற்கும். தந்திகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே போக வேண்டும். காலால் மிதியை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டு அழுவதுபோல இருக்கிறது என்பாள் என் மனைவி. அதிலும் தவறில்லை. என் சிறிய ஆம்ப்ளிஃபயரில் அது கொசு அழுவதுபோலத்தான் கேட்டது.

மனைவியின் தம்பி எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தான். பகலில் லிஃப்ட் மெக்கானிக். சனி, ஞாயிறுகளில் ஓர் ஓட்டல் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பான். அவனிடம் பழைய வால்வு ஆம்ப் ஒன்று இருந்தது. பேஸ் கிட்டாருக்கென்றே செய்தது. பீரோ கனம் கனக்கும். ஸ்விட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் கண்ணாடிக்குழாய் வால்வுகள் சிவந்து சூடேறிய பிறகுதான் வாயைத் திறக்கும். ஒருநாள் அவன் இல்லாதபோது என் ஸ்டீலை அதில் செருகிப் பார்த்தேன். கொசு போய்விட்டது. கீச்சுக்குரலெல்லாம் உருகி, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது. எவ்வளவு கூட்டினாலும் கரகரக்கவில்லை. தரை வழியாக என் முழங்காலுக்கு ஏறியது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "தாராளமா வாசிங்க அத்தான். சனி ஞாயிறு மட்டும் எனக்கு வேணும்" என்றான். தங்கமான பையன். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

ஆனால் திங்கட்கிழமை திரும்பி வரும்போது ஆம்பின் குரல் மாறியிருக்கும். கண்டவர்களோடு சுற்றிவிட்டு வந்த பிள்ளைபோல என்னிடம் முகம் கொடுக்காது. வேறு ஒன்று வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடைவீதியில் அதே வகை ஆம்ப் ஒன்று விற்பனைக்கு இருந்தது. போய்ப் பார்த்தேன். முன்பக்கத் துணி பச்சை நிறம். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே அவன் பேஸ் வாசிப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. விரலை நசுக்குவது போன்ற காரியங்கள் என் சுபாவத்துக்கு ஒத்துவராது. அவனாக நிறுத்தினால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்று பட்டது.

முதலில் எங்களோடு இருக்கும் மாமியாரிடம் சொன்னேன். "அவனுக்குக் காது நரம்பு தளர்ந்துட்டு வருதாம் அத்தை. டாக்டர் எங்கிட்டத் தனியாச் சொன்னார். தெரிஞ்சா பையன் மனசு ஒடிஞ்சுடுவான். சத்தம் பட்டா நரம்பு இன்னும் கெட்டுப்போயிடுமாம். எல்லாரும் மெதுவாப் பேசினாப் போதும்."

மாமியார் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தெருவுக்கே கேட்கும்படி சாப்பிடக் கூப்பிடுகிறவர், அன்றிலிருந்து மாடிப்படியின் கீழே நின்று உதட்டை மட்டும் அசைத்தார். மனைவியும் அப்படியே. ஓட்டலில் டிரம்ஸ் வாசிப்பவர் குச்சிகளை ஓரம் வைத்துவிட்டு பிரஷ்ஷால் தடவ ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரர் தன் வண்டி ஹாரனையே கழற்றிவிட்டார். மனிதர்களிடம் எவ்வளவு பிரியம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. மீதியை அவர்கள் பிரியம் பார்த்துக்கொண்டது.

என் பங்குக்குச் சனிக்கிழமை காலைகளில் ஆம்பின் நல்ல வால்வுகளைக் கழற்றிவிட்டுத் தேய்ந்துபோனவற்றைப் பொருத்துவேன். ஓட்டலில் அவன் குமிழைத் திருகித் திருகிப் பார்ப்பானாம். "சத்தம் வருதா?" என்று கேட்பானாம். டிரம்ஸ்காரர் கண்கலங்கி, "பிரமாதமா வருதுப்பா" என்று தலையாட்டுவாராம்.

மற்ற சத்தங்கள் அவனுக்குக் கேட்டிருக்குமே என்பீர்கள். கேட்டன. "லாரி போறது கேக்குது, மனுஷங்க பேசறதுதான் அத்தான் விழமாட்டேங்குது" என்றான்.

"அது அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று அவன் காதருகே குனிந்து சொன்னேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது கேட்காமல் அவன் இளைத்துப்போனான். உரக்கப் பேசவும் தொடங்கினான். காது மந்தமானவர்கள் அப்படித்தானே பேசுவார்கள். யாருக்காவது கொஞ்சநஞ்சம் சந்தேகம் இருந்திருந்தால் அதுவும் தீர்ந்தது.

பிறகு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றான். நானே அழைத்துப்போனேன். பையனுக்குச் சத்தம் என்றால் பயம், கொஞ்சம் தணிந்து பேசுங்கள் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, முகக்கவசத்துக்குள்ளேயே, "காதில் ஒரு குறையும் இல்லை" என்று முணுமுணுத்தார். அவன் என் பக்கம் திரும்பினான்.

"என்ன அத்தான் சொல்றார்?"

"தைரியமா இருக்கச் சொல்றார் மாப்ளே."

அதை முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது.

லிஃப்ட் வேலையை விட்டான். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்துத்தான் பழுதைப் பிடிக்க வேண்டும், தன்னை நம்பி நாலு ஜனம் ஏறுமே என்று பயம். ஓட்டலையும் விட்டான். ஆம்பின் தலையில் கையை வைத்து, "நீங்களாவது வாசிங்க அத்தான்" என்றான். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒருமுறை வேண்டாம் என்றேன்.

அவனுக்கு நிச்சயமான பெண் ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விசில் தேவைப்படாத குரல். என் ஏற்பாட்டில் அது ஒன்றுதான் ஓட்டை. "உன் குரல்தாம்மா அவன் காதுக்கு விஷம்" என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அழுதாள். அதற்குப் பிறகு அவனிடம் வெறும் காற்றாகத்தான் பேசினாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள், "உன் குரலே கேக்காதவன் உனக்கு எதுக்கு? நல்லவனாப் பாத்துக் கட்டிக்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அன்று மாலை ஆம்ப் மிக நன்றாகப் பேசியது.

நேற்றுப் பகலில் அவள் வந்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. தெருவில் நின்று, அடக்கிவைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் விட்டாள்.

"டேய், காது போனாப் போகட்டும்டா. எனக்கு நீதான்டா வேணும். இறங்கி வாடா கீழ."

மாடி ஜன்னல் திறந்தது. "எதுக்கு இப்படிக் கத்தற? காது வலிக்குது" என்றான். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டுத் திகைத்து நின்றான்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எல்லோரிடமும் பேசிவிட்டார்கள், முழுக் குரலில். மாமியார் என்னைச் சொன்னவற்றைப் புகாரில் பார்த்தேன். சுருக்கித்தான் எழுதியிருக்கிறீர்கள். அவன் என்னை அடிக்கவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வாசிங்க அத்தான். எதுக்காக இவ்வளவும்னு நானும் கேக்கறேன்."

வாசித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

"சுருதி சேரலை அத்தான். என்னைக்குமே சேர்ந்ததில்லை."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "உங்க மனசு நோகுமேன்னுதாங்க யாரும் சொல்லலை" என்றாள். மாமியாரும் அந்தப் பெண்ணும் தலையை ஆட்டினார்கள்.

என்மீது எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று நீங்கள் வெகுநேரமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எதில் வேண்டுமானாலும் போடுங்கள், கையெழுத்திடுகிறேன். நான்தான் செய்தேன். ஓர் ஆம்புக்காக அவன் வேலையை, கல்யாணத்தை, அவன் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை எல்லாம் எடுத்துக்கொண்டேன். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றச் சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு இடம் மட்டும். காது நன்றாக இருக்கிறவனைச் செவிடன் என்று நம்பவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நேற்று நான் வாசித்ததைக் கேட்டுவிட்டுச் சுருதி சேரவில்லை என்று சொல்கிறவனுக்குக் காது நன்றாக இருப்பதாக எப்படி ஐயா எழுத முடியும்? அந்த வீட்டில் இருந்த நாலு பேருக்குமே அந்தக் கோளாறு வந்திருக்கிறது. தாமதிக்காமல் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வேண்டுமானால் நானே அழைத்துப் போகிறேன்.