கழுத்தில் இருந்த ஆசை

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ரயில் ஏறிய தாயும் மகளும் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். மகள் தன் கழுத்திலிருந்த சிவந்த மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“அம்மா, இது ஆசையாம்.”

“என்ன விசர்க்கதை?”

“மார்க்கோவின்ர அம்மா சொன்னவ. இத்தாலியனில ஆசைக்கு வோலியா எண்டு சொல்லுறது. கோப்பி குடிக்க விருப்பமோ எண்டு கேக்கவும் வோலியாதான். பிறவி மச்சத்துக்கும் அதே சொல்லு. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டது கிடைக்காட்டி, அது பிள்ளையின்ர தோலில வருமாம். எனக்கும் மார்க்கோவுக்கும் கலியாணம் நடக்கிறண்டு மேக்கப் போட்டு மறைக்க வேண்டாமாம். நீங்கள் என்னத்துக்கு ஆசைப்பட்டனீங்கள் எண்டு கேட்டவ.”

தாய் அந்த மச்சத்தை விரலால் தடவினார்.

“சாப்பாட்டுக்கு ஆசைப்படேல்லை. அகதியளைத் தங்க வைச்சிருந்த ஹைமில தமிழ் கதைக்க வேறை பொம்பிளை இல்லை. அப்பா வெளியில போனா நான் தனியத்தான். ஆரோடையாவது வாய்விட்டுக் கதைக்க வேணும்போல கிடந்தது.”

“பிறகு ஆரும் வந்தவையோ?”

“நீ வந்தாய். நாள் முழுக்க உன்னோடதான் கதைச்சன்.”

மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மார்க்கோவின்ர அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிராதை,” என்றார் தாய். “ஸ்ட்ராபெரிப் பழத்துக்கு ஆசைப்பட்டனான் எண்டு சொல்லிவிடு.”