எலி அறையில் சாம்பிராணி

ஆயுத பூஜை லீவு முடிந்த மாலை. தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு ஆராய்ச்சி மாணவிகள்.

“சாகக்கூடாத எலியும் செத்துப்போச்சுடி!” என்றாள் கண்ணாடி போட்டவள்.

“வைரஸ் ஊசி போட்டா சாகாதா?” என்றாள் தோழி.

“ஜீனை மாத்தின மியூட்டன்ட் எலி மட்டும்தான் சாகணும். வைரஸை முதல்ல எதிர்க்கிற கில்லர் செல் அதுக்குத்தான் வேலை செய்யாது. நல்ல எலி பொழைக்கணும். எங்க கைடு, பூஜைன்னு எலி ரூம்ல சாம்பிராணியைப் போட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டார். புகையில மூச்சு முட்டி எல்லா எலியும் போச்சு!”

“அவரையே கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேனே! ‘ரெண்டும்தானே செத்துச்சு? கில்லர் செல்லால பிரயோஜனமே இல்லைன்னு எழுதிடும்மா’ங்கறார். புகை நாத்தம் இன்னும் போகாத அதே ரூம்ல நின்னுக்கிட்டுச் சொல்றார்டி!”